மூக்கில் ஒரு குழாய்: எக்ஸ்-31 ஏன் விழுந்தது?

1995 ஜனவரி 19. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேலே, கார்ல்-ஹைன்ஸ் லாங் என்ற ஜெர்மானிய சோதனை விமானி அன்றைய வேலையை முடித்துவிட்டு எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சுற்றிலும் லேசான மேகம், காற்றில் ஈரம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுவிட்சைப் போட்டார். விமானத்தின் மூக்கில் இருக்கும் ஒரு சின்னக் குழாயைச் சூடாக்குவதற்கான சுவிட்ச் அது. சூடு இருந்தால் குழாயில் பனி பிடிக்காது. அவர் செய்தது சரியான காரியம். ஆனால் அந்தச் சுவிட்ச் எதையும் சூடாக்கவில்லை. குழாயை மாற்றியபோது அதற்கு ஹீட்டர் இணைப்பே கொடுக்கப்படவில்லை.

கொஞ்ச நேரத்தில் விமானம் அவர் பேச்சைக் கேட்காமல் மேலும் கீழுமாகத் துள்ளியது. மூக்கு செங்குத்தையும் தாண்டிப் பின்னால் மல்லாந்தது. சுமார் 18,000 அடி உயரத்தில் லாங் இருக்கையோடு வெளியே பாய்ந்து பாராசூட்டில் இறங்கினார். காயம்பட்டாலும் உயிர் பிழைத்தார். உலகில் இரண்டே இரண்டு இருந்த எக்ஸ்-31 விமானங்களில் ஒன்று பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. எஞ்சின் கெடவில்லை, இறக்கை உடையவில்லை, விமானியும் தவறு செய்யவில்லை. விமானத்துக்குத் தன் வேகம் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

அது எப்படி என்று புரிய வேண்டுமானால் அந்தக் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காருக்கு வேகம் தெரிவது சக்கரத்தால். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் போதும். காற்றில் மிதக்கும் விமானத்துக்குத் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இருப்பது காற்று மட்டும். அதனால் காற்று எவ்வளவு அழுத்தமாக மூஞ்சியில் மோதுகிறது என்று பார்த்துத்தான் அது வேகத்தைத் தெரிந்துகொள்கிறது. ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டியவர்களுக்கு இது தெரியும். பஸ் மெதுவாகப் போனால் காற்று கையை வருடும். பைபாஸ் ரோட்டில் பறந்தால் கையைப் பின்னால் தள்ளும். கண்ணை மூடிக்கொண்டே வேகத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

பிட்டோ குழாய் என்பது அந்த உள்ளங்கைதான். 1732இல் ஹென்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் ஓடும் சென் நதியின் வேகத்தை அளக்க இதைக் கண்டுபிடித்தார். வளைந்த குழாய் ஒன்றின் வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி ஆற்றுக்குள் விட்டார். தண்ணீர் எவ்வளவு வேகமாக மோதுகிறதோ அவ்வளவு உயரத்துக்குக் குழாய்க்குள் ஏறும். விமானம் பிறப்பதற்குச் சுமார் 170 ஆண்டுகளுக்கு முந்தைய கருவி இது. இன்றைய பயணிகள் விமானத்திலும் போர் விமானத்திலும் அடிப்படை அதேதான்.

விமானத்தில் இரண்டு அழுத்தங்களை அளப்பார்கள். ஒன்று, முன்னால் பார்த்துத் திறந்திருக்கும் குழாய்க்குள் காற்று மோதி நிற்பதால் வரும் மொத்த அழுத்தம். இன்னொன்று, காற்று மோதாமல் வழுக்கிப் போகும் பக்கவாட்டில் சின்னத் துளைகள் வைத்து எடுக்கும் சாதாரணக் காற்றழுத்தம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மோதலால் மட்டும் வந்த அழுத்தம் கிடைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்த நான்கு மடங்குக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குழாய் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம் இல்லை. காற்று விமானத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. 20,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதிதான். அங்கே 200 நாட் (விமான வேகத்தின் அலகு) என்று கருவி காட்டும்போது விமானம் உண்மையில் 270 நாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். இதைக் கருவியின் குறை என்று நினைக்க வேண்டாம். இறக்கைக்குத் தெரிய வேண்டியது இந்தத் தள்ளலின் பலம்தான். விமானத்தைத் தூக்குவதும் அதுதான், திருப்புவதும் அதுதான்.

சரி, எக்ஸ்-31 என்ன மாதிரி விமானம்?

சாதாரண விமானம் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் இறக்கையின் மேலே ஓடும் காற்று பிய்ந்துகொண்டு போகும். தூக்கும் சக்தி குறைந்து விமானம் கல் மாதிரி கீழே இறங்கும். இதை ஸ்டால் என்பார்கள். காற்று வரும் திசைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் கோணத்துக்குத் தாக்குகோணம் என்று பெயர். பெரும்பாலான விமானங்களுக்கு 15, 20 டிகிரி வந்தாலே ஆபத்து. எக்ஸ்-31 இந்த எல்லையைத் தாண்டி 70 டிகிரி வரை கட்டுப்பாட்டோடு பறந்தது. எஞ்சினின் பின்வாயைச் சுற்றி மூன்று துடுப்புகள் வைத்திருந்தார்கள். அவை பின்னால் சீறும் வாயுவுக்குள் நுழைந்து அதை இப்படியும் அப்படியும் திருப்பும். இறக்கைக்குப் பிடிப்பு போன பிறகும் விமானத்தை எஞ்சினாலேயே திருப்பலாம்.

இதைக் கட்டியது அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனமும் ஜெர்மனியின் எம்பிபி நிறுவனமும். இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து நடத்திய திட்டம். 1990 அக்டோபரில் முதல் பறத்தல். 1993 ஏப்ரலில், வானத்தில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மூக்கைத் தூக்கிச் சுழன்று வந்த வழியே திரும்பிப் பாயும் வித்தையைச் செய்து காட்டியது. சாதாரண விமானம் எதுவும் அவ்வளவு சின்ன இடத்தில் அப்படித் திரும்ப முடியாது. அதைக் கனவு கண்ட ஜெர்மானியப் பொறியாளர் வோல்ஃப்காங் ஹெர்ப்ஸ்ட் அப்போது உயிரோடு இல்லை. 1991இலேயே வேறொரு சிறு விமான விபத்தில் இறந்துவிட்டார். அந்தத் திருப்பத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இப்படிப்பட்ட விமானத்தை மனிதன் நேரடியாக ஓட்ட முடியாது. அது தானாக நிலையாகப் பறக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது இல்லை. சுலபமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். விமானி குச்சியை அசைப்பார், கணினி அதைப் படிக்கும், விமானத்தைத் திருப்பும் அசையும் பலகைகளில் எதை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போடும், திருப்பும். நொடிக்குப் பல முறை இது நடக்கும். கணக்கின் மையத்தில் இருப்பது வேகம்.

ஏன் என்பதை ஸ்கூட்டரை வைத்துப் பார்க்கலாம். மார்க்கெட் சந்தில் ஆட்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது ஹேண்டில்பாரை நன்றாகவே ஒடிப்பீர்கள். அதே அளவு ஒடிப்பை நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? உங்கள் கை அதைத் தானாகவே அறிந்து வைத்திருக்கிறது. வேகத்தில் லேசாக அசைக்கிறது, மெதுவில் நிறைய அசைக்கிறது. எக்ஸ்-31இன் கணினியும் இதையேதான் செய்தது. வேகம் குறைவு என்று தெரிந்தால் பலகைகளை அதிகமாகத் திருப்பும். வேகம் அதிகம் என்றால் கொஞ்சமாகத் திருப்பும்.

இப்போது அந்த நான்கு மடங்குக் கணக்குக்கு வருவோம். விமானம் உண்மையில் ஒரு வேகத்தில் போகிறது, குழாயோ அதில் பாதிதான் என்று பொய் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் பலம் கால்வாசிதான் இருக்கிறது என்று கணினி நம்பும். ஒரு பங்கு திருப்ப வேண்டிய பலகையை நான்கு பங்கு திருப்பும். மூக்கு வேண்டியதைவிட அதிகமாக மேலே போகும். போய்விட்டதே என்று கீழே இறக்கப் பார்க்கும், அதுவும் நான்கு பங்கு. இன்னும் அதிகமாகக் கீழே போகும். திருத்தத் திருத்த ஆட்டம் பெருகும். கணினி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. அதன் கையில் கொடுத்த எண்தான் பொய்.

குழாய் எப்படிப் பொய் சொல்லும்? அடைத்துக்கொண்டால் போதும். முன்வாயை மட்டும் பனி மூடி, தண்ணீர் வடியும் சின்ன ஓட்டை திறந்திருந்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் கசிந்துபோய் வேகம் பூஜ்யத்தை நோக்கி விழும். இரண்டும் மூடிக்கொண்டால் உள்ளே பழைய அழுத்தம் சிறைப்பட்டுவிடும். அப்புறம் விமானம் கீழே இறங்க இறங்க வெளியே காற்றழுத்தம் கூடும், கழித்து வரும் மீதி சுருங்கும், வேகம் குறைவதுபோல் காட்டும். மேலே ஏறினால் நேர்மாறு. எப்படி இருந்தாலும், தளத்துக்கு இறங்கி வரும் விமானத்தில் அடைத்த குழாய் காட்டும் வேகம் குறைந்துகொண்டே போகும். லாங் இறங்கிக்கொண்டிருந்தார்.

பாலைவனத்தில் பனியா என்று தோன்றலாம். 20,000 அடிக்கு மேல் போனால் கீழே பாலைவனமா கடலா என்பது பொருட்டே இல்லை. அங்கே குளிர் உறைநிலைக்கு வெகு கீழே. ஈரம் இருந்தால் பனி பிடிக்கும்.

இனி அந்தக் குழாயை ஏன் மாற்றினார்கள் என்பதைப் பார்ப்போம். இந்த விபத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் பகுதி இது. ஏனென்றால் மாற்றியதற்கு நல்ல காரணம் இருந்தது. சாதாரண பிட்டோ குழாய் நேராக வரும் காற்றைத்தான் சரியாக அளக்கும். எக்ஸ்-31 மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு பறக்கும்போது காற்று குழாய்க்குச் சாய்வாக வரும், அளவு பிசகும். கீல் என்ற வகைக் குழாய் இதற்குத் தோது. அதன் வாயைச் சுற்றி ஒரு உறை இருக்கும். காற்று கணிசமாகச் சாய்ந்து வந்தாலும் அந்த உறை அதை நேராக்கி உள்ளே அனுப்பும். ஆராய்ச்சிக்குத் துல்லியமான எண் வேண்டும், அதனால் கீல் குழாயைப் பொருத்தினார்கள். அதில் சூடாக்கும் வசதி இல்லை. அந்த உறை இருப்பதால் பனி பிடிப்பதும் அதில் சுலபம். மேகத்துக்குள் போகப்போவதில்லையே, மொஹாவியில் வானம் எப்போதும் தெளிவாகத்தானே இருக்கும், பரவாயில்லை என்று இருந்துவிட்டார்கள்.

தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயம்தான். அடுத்து நடந்தவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஹீட்டர் இணைப்பு இல்லை என்ற செய்தி எழுத்தில் இருந்தது, ஆனால் அன்று ஓட்டிய விமானி வரை அது வந்து சேரவில்லை. விமானி அறையில் அந்தச் சுவிட்ச் அப்படியே இருந்தது. 'வேலை செய்யாது' என்று அதன் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்படவில்லை. வானிலை அன்று வழக்கம்போல் இல்லை. லாங் பேசும்போது ஹீட்டரைப் போட்டிருப்பதாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களில் அது இணைக்கப்படவில்லை என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். திரையில் ஓடிய வேகம் பொருத்தமாக இல்லை என்பதைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து, 'விமானத்துக்குத் தன் வேகம் தெரியவில்லை, பறக்கும் முறையை மாற்றுங்கள்' என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் அந்த ஹீட்டர் இணைக்கப்படாமல் இருக்கலாம் என்று லாங்கிடம் சொன்னார்கள். சொல்லி முடித்த சற்று நேரத்தில் விமானம் துள்ளத் தொடங்கியது.

பக்கத்தில் இன்னொரு விமானமும் கூடவே பறந்துகொண்டிருந்தது. சோதனைப் பறத்தல்களில் இது வழக்கம். வெளியிலிருந்து பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும் என்பதற்காக அனுப்புவார்கள். அந்த விமானத்தின் குழாய்கள் நன்றாக இருந்தன, அதன் வேகமானி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. உன் வேகம் என்ன, என் வேகம் என்ன என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் லாங்கும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொண்டது எப்போதும் திறந்திருக்கும் தனி மைக் வழியாக. அந்தப் பேச்சு துணை விமானத்தின் காதில் விழவே இல்லை. சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய ஆள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறந்துகொண்டிருந்தார், அப்படி ஒரு சந்தேகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னும் ஒன்று. வேகத் தகவல் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பொறியாளர்கள் முன்கூட்டியே யோசித்து ஒரு மாற்று முறையும் வைத்திருந்தார்கள். விமானி அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி குழாயை நம்புவதை நிறுத்திவிட்டு, எல்லா வேகத்துக்கும் ஓரளவு ஒத்துவரும் நிலையான கணக்கில் ஓட்டும். சொகுசாக இருக்காது, ஆனால் தரை சேரலாம். கெட்டுப்போனது என்று தெரிந்தால்தானே அதைத் தேர்ந்தெடுக்க முடியும்? அடைத்த குழாய் எச்சரிக்கை விளக்கு எரிய வைப்பதில்லை. அது நம்பும்படியான ஒரு எண்ணைக் காட்டுகிறது. கருவி செத்துப்போவதைவிட இது ஆபத்து.

விபத்துகளைப் படிப்பவர்கள் 'சங்கிலி' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துவார்கள். இதற்கு அர்த்தம் இதுதான்: குழாய் மாற்றம், ஹீட்டர் இல்லாமை, வராத செய்தி, ஒட்டப்படாத சீட்டு, ஈரமான வானம், கேட்காத மைக், பொருந்தாத எண்ணைக் கண்டும் பேசாத வாய். இதில் எந்த ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் லாங் அன்று ஓடுபாதையில் இறங்கியிருப்பார். பெரிய தவறு என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. சின்னச் சின்ன விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன.

ஒரே குழாயை நம்பியதுதானே சிக்கல், நான்கைந்து வைத்தால் தீர்ந்ததா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் எல்லாக் குழாய்களும் ஒரே காற்றில்தான் இருக்கின்றன. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447இல் மூன்று பிட்டோ குழாய்கள் இருந்தன, மூன்றும் சூடாக்கப்பட்டவை. அட்லாண்டிக்குக்கு மேலே பனித்துகள்கள் கொஞ்ச நேரத்துக்கு அவற்றை அடைத்தன. தானியங்கி முறை விலகிக்கொண்டது, குழப்பத்தில் விமானிகள் மூக்கைத் தூக்கினார்கள், விமானம் ஸ்டால் ஆகிக் கடலில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2008 பிப்ரவரி 23 அன்று, குவாம் தீவில் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று ஓடுபாதையிலிருந்து எழும்பும்போதே விழுந்தது. அதில் காற்றழுத்தத்தை அளக்க 24 உணரிகள் இருந்தன. மழை ஈரம் மூன்றுக்குள் புகுந்திருந்தது. ஈரத்தோடேயே அளவைச் சரிபார்த்து வைத்தார்கள். பிறகு ஹீட்டரைப் போட்டதும் ஈரம் ஆவியானது, அளவு பிசகியது. விமானம் தன் வேகத்தை அதிகமாக நினைத்துக்கொண்டு சீக்கிரமே எழும்பியது, கணினி மூக்கைச் சுமார் 30 டிகிரி தூக்கியது. இரண்டு விமானிகளும் வெளியே பாய்ந்து தப்பினார்கள். போன விமானத்தின் மதிப்பு 140 கோடி டாலர். சரிபார்ப்பதற்கு முன்பே ஹீட்டரைப் போட்டு ஈரத்தை உலர்த்திவிட வேண்டும் என்று சில பணியாளர்களுக்கு முன்பே அனுபவத்தில் தெரிந்திருந்தது. அது முறையான விதியாக எழுதப்படவில்லை, மற்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. எக்ஸ்-31 விழுந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கதை. தெரிந்தது ஒருவருக்கு, தேவைப்பட்டது இன்னொருவருக்கு.

அடுத்த முறை விமானம் ஏறும்போது மூக்குப் பக்கம் கொஞ்சம் பாருங்கள். விமானி அறை ஜன்னலுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாய்கள் தெரியும். பறக்கும்போது தொட்டால் கை வெந்துபோகும் அளவுக்கு அவை சூடாக இருக்கும். நெடுநேரம் நிறுத்தி வைத்த விமானத்தில் அவற்றின் மேல் சிவப்பு நாடா தொங்கும் உறை மாட்டியிருப்பார்கள், பூச்சி புகுந்து கூடு கட்டிவிடக் கூடாதே என்று. கிளம்பும் முன் அந்த உறையைக் கழற்றினார்களா என்று விமானி சுற்றிவந்து தன் கண்ணால் பார்ப்பார்.

இரண்டாவது எக்ஸ்-31 தப்பியது. விபத்து நடந்த ஐந்து மாதத்தில் அதைப் பாரிஸ் விமானக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார்கள், கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. 2003 வரை பறந்துவிட்டு இப்போது மியூனிக் அருகே ஓபர்ஷ்லைஸ்ஹைமில் உள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. விழுந்த விமானத்தைப் பற்றி நாசா பின்னாளில் ஒரு பயிற்சிப் படம் எடுத்தது. அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்களே கேமரா முன் உட்கார்ந்து, அன்று தங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, யாரிடம் சொல்லவில்லை என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள்.